யாரு வீட்டுக் கிட்டார்?

மணப்பாட்டில் ஒருவர் தன் பெயரைச் சொல்லித் தப்பித்துவிட முடியாது. தெருவுக்கு நாலு பர்னாந்தும் மூலைக்கு ஒரு ரொட்ரிகோவும் உள்ள ஊரில் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "நீ யாரு மவன்? ஒங்கம்மைக்கு எந்த ஊரு? தாத்தா கொழும்புல எந்தத் தெருவுல கடை வச்சிருந்தாரு?" என்று மூன்று தலைமுறைக்குத் தோண்டி, வீட்டுப் பட்டப்பெயரைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகுதான் காப்பி வரும். வந்த காப்பி ஆறியிருந்தால், விசாரணையில் எங்கோ இடறியிருக்கிறது என்று பொருள்.

இந்த ஊரில்தான், உச்சி முதல் அடிவரை ஓர் எழுத்துகூட இல்லாத ஒரு கிட்டார் என்னிடம் வந்து சேர்ந்தது.

கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள் இங்கே உண்டு. பலவற்றில் இப்போது பூட்டுதான் குடியிருக்கிறது. அப்படி ஒரு வீட்டில் ஓடு மாற்றும்போது பரணிலிருந்து தகரப் பெட்டிகள், கொசுவலைச் சட்டம், மூக்கு உடைந்த ஒரு அந்தோணியார் சுரூபம் எல்லாம் இறங்கின. கூடவே கிட்டாரும் இறங்கியது. சுரூபத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது, கிட்டாருக்கு இல்லை. "நீதான பாட்டுக் கிறுக்கன், வச்சிக்கோ" என்று பெரியப்பா என் தலையில் கட்டினார்.

வழக்கமான கிட்டாருக்கு நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும். இதில் இல்லை. முன்பக்கம் தட்டையாகவும் இல்லை. நடுவில் மேடு, ஓரங்களில் சரிவு. மேட்டின் இருபுறமும் சாய்வாக இரண்டு கீறல்கள். கம்பிகள் பிரிட்ஜோடு நின்றுவிடாமல் அதைத் தாண்டிப் போய், அடியில் திருகி வைத்த ஓர் உலோக வாலில் மாட்டியிருந்தன. அடுத்த வீட்டு மைனி எட்டிப் பார்த்து, "என்ன இது, சீலா மீனு செவுள் மாதில்லா இருக்கு" என்றாள். கிட்டார் உலகத்தில் இந்தக் கீறலுக்குப் பூனைக்கண் என்று பெயர். மைனி சொன்ன பிறகு எனக்கு அது செவுள்தான்.

விசாரணை தொடங்கியது. முதலில் வந்தது போர்த்துகீசியக் கட்சி. புனித சவேரியார் 1542-இல் வந்து தங்கிய குகை கடலோரத்தில் இருக்கிறது. 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில் மணல் குன்றின்மேல் நிற்கிறது. ஆகவே ஊரில் சாவி தொலைந்த பூட்டு அகப்பட்டாலும் அது போர்த்துகீசியன் விட்டுப்போனது என்பதில் சிலருக்கு ஐயமே கிடையாது. இவர்களுக்கு ஒரே இடைஞ்சல் வரலாறு. வயலினைச் செதுக்குவதுபோல் கிட்டாரின் முகத்தையும் மேடாகச் செதுக்கலாம் என்று 1890-களில் செய்து பார்த்தவர் அமெரிக்காவின் கலமசூ ஊர்க்காரர் ஆர்வில் கிப்சன். அவர் பெயரிலான கம்பெனி, வயலினுக்குள்ள எஃப் வடிவத் துளைகளையும் சேர்த்து எல்-5 என்ற மாடலை வெளியிட்டது 1922-இல். 'ஆர்ச்டாப்' என்ற இந்தச் சாதியில் எஃப் துளையோடு வந்த மூத்த பிள்ளை அதுதான். சவேரியாருக்கும் அதற்கும் நடுவே 380 வருஷம். நான் கணக்கைச் சொன்னதும் கட்சித் தலைவர் அசரவில்லை. "அவரு புனிதர்லா. முன்கூட்டியே தெரிஞ்சிருக்கும்."

அடுத்தது கல்கத்தாக் கட்சி. பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் மச்சான் ஒருவன் தூரத்திலிருந்தே தீர்ப்பளித்தான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கல்கத்தாவில் கிப்சனைப் பார்த்து கிவ்சன் என்றும், இன்னும் ஹோப்னர் என்றும் பெயர் வைத்துக் கிட்டார் செய்தார்கள். எஃப் துளை போட்டும் செய்தார்கள். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் விரல் தேய்ந்தது அவற்றில்தான். ஆனால் கல்கத்தாக் கிட்டாருக்குக் கூச்சம் கிடையாது. தலையிலும் பெயர், வயிற்றுக்குள்ளும் பெயர் என்று ஒட்டிக்கொண்டுதான் வெளியே வரும். நம்முடையதன் தலையில் இருந்தது, ஏதோ ஒரு பட்டயத்தைப் பெயர்த்தெடுத்த இரண்டு ஆணித்துளை மட்டும்.

இதற்கிடையே இதன் பழைய வைத்தியர் ஒருவரின் கைவண்ணமும் தெரியவந்தது. ஆர்ச்டாப்பில் பிரிட்ஜை ஒட்டுவதில்லை. கம்பிகளின் அழுத்தத்தில் அது தானாக நிற்கும். முன்னும் பின்னும் நகர்த்தித்தான் சுருதியைச் சரிக்கட்டவேண்டும். மைக் பரவாத நாளில், ட்ரம்பெட் முழங்கும் ஜாஸ் பேண்டுக்கு நடுவே கிட்டார் சத்தம் எடுபடவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. இது தெரியாத ஏதோ ஒரு நல்ல உள்ளம் கம்பிகளை ஒருசேரக் கழற்றியிருக்கிறது. பிரிட்ஜ் கையோடு வந்திருக்கிறது. பதறிப்போய், ஃபைபர் படகுக்குப் பூசும் ரெசினை வைத்து ஒட்டியும் விட்டிருக்கிறது. புயலுக்குத் தாங்கும் ஒட்டு. சுருதிக்குத்தான் தாங்கவில்லை.

உண்மையான நிபுணர் வந்தது அதற்குப் பிறகு. வள்ளம் கட்டிப் பழுத்த ஓடாவி. கிட்டாரை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. வாங்கி, மடியில் குப்புறப் போட்டு, முதுகை முட்டியால் தட்டிப் பார்த்தார். திருப்பி, செவுளின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஓட்டினார்.

"மூணு அடுக்கு ஓடுது தம்பி. குடைஞ்சதில்ல. ஒட்டுப்பலகை. அச்சில வச்சு அமுக்கிருக்கான்."

ஆர்ச்டாப் பார்க்கத் தெரிந்தவர்கள் உலகமெங்கும் முதலில் செய்யும் சோதனை இதுதான். மேலே தெரியும் மரத்தின் ரேகை துளையின் விளிம்பிலும் இறங்கி ஓடினால் அது ஒரே பலகையைச் செதுக்கியது. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டியது. செதுக்கியதற்குச் சேகரிப்பாளர்கள் சொத்தை எழுதிக் கொடுப்பார்கள். ஒட்டியதற்கு ஒரு புன்னகை கொடுப்பார்கள். கிட்டாரை விற்று நான் மனதுக்குள் மாடிவரை எழுப்பியிருந்த வீடு அந்த மூன்று அடுக்கில் இடிந்தது. என் முகத்தைப் பார்த்து ஓடாவி இரங்கினார். "நல்ல ஒட்டுதான். இத்தன வருசம் கடக்காத்துல பிரியலயே."

பிறகு முத்து விவகாரம். கிட்டாரின் கழுத்தில், மெட்டுகளுக்கு நடுவே, பட்டை பட்டையாக முத்துச்சிப்பி பதித்திருந்தது. பதித்திருந்தது என்று நான் நம்பினேன். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதைக் கண்ணால் பார்த்த அத்தை ஒருத்தி எங்களுக்கு உண்டு. அவள் கண்ணாடிகூடப் போடவில்லை. "பிளாஸ்டிக்கு" என்றாள்.

அத்தை சொல்லை மீறி நான் சோதித்தேன். உண்மைச் சிப்பி தொட்டால் சில்லென்று இருக்கும். இது இல்லை. பழைய செல்லுலாய்டு என்றால் அழுத்தித் தேய்த்ததும் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் செல்லுலாய்டு செய்வதற்கே கற்பூரம் வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கிட்டாரின் கழுத்தைத் தேய்ப்பதும் முகர்வதுமாக இருந்தேன். வாசனை வந்தது. அந்த வழியாகப் போன மாமா, கழுதையையும் கற்பூரத்தையும் சேர்த்துப் பழமொழி ஒன்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்துவிட்டதே என்பதால் அந்தப் பழமொழி என்னைத் தொடவில்லை.

ஆனால் அத்தையை அசைத்த செய்தி ஒன்று என்னிடம் இருந்தது. அந்தக் காலத்தில் போலி முத்துக்கும் இந்த மாதிரிப் பொருள்களுக்கும் பளபளப்பு ஏற்றியது மீன் செதிலிலிருந்து எடுத்த சத்தால். இதைச் சொன்னதும் கிட்டார்மேல் அவளுக்குப் புது மரியாதை வந்தது. "அப்ப நம்ம சாமான்தான்."

கடைசியில் திருச்செந்தூர் பல் டாக்டர் ஒருவரிடம் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை இரவல் வாங்கி, செவுள் வழியாக உள்ளே விட்டு, செல்போன் டார்ச்சை அடித்தேன். மணல், கரப்பான் முட்டை, அதற்கும் அப்பால் முதுகுப் பலகையில் மங்கிய முத்திரை: 'வெஸ்டர்ன் ஜெர்மனி'. கம்பெனிப் பெயர் இல்லை. ஆக, ஜெர்மனி இரண்டாகப் பிரிந்த 1949-க்குப் பிந்தியது. கழுத்தின் உச்சியில் கூடுதலாக ஒரு மெட்டு, பூஜ்ஜிய மெட்டு, வேறு இருந்தது. ஜெர்மன்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் அது.

செய்தி பரவிய வேகத்தில் மூன்றாவது கட்சி பிறந்தது: "எம்டன் கப்பல்ல வந்த கிட்டார்லா!" 1914-இல் சென்னைமேல் குண்டு போட்ட கப்பல் எம்டன். மேற்கு ஜெர்மனி பிறந்தது அதற்கு 35 வருஷம் கழித்து. கணக்குச் சொல்வதை நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

பெயர் ஏன் இல்லை என்பதுதான் இதில் சுவையான விஷயம். இன்று செக் நாட்டில் லூபி என்று வழங்கும் ஷோன்பாக், ஒரு காலத்தில் ஜெர்மன் பேசும் கைவினைஞர்களின் ஊர். அங்கே ஒரு வீட்டில் கழுத்து செய்வார்கள், இன்னொரு வீட்டில் உடம்பு, வேறொரு வீட்டில் பிரிட்ஜ். மொத்த வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து, கேட்டவர் கேட்ட பெயரை ஒட்டி அனுப்புவார். உலகப் போர் முடிந்ததும் அவர்களை ஊரைவிட்டே துரத்தினார்கள். பலர் பவேரியாவில் புபன்ராய்த் என்ற சிற்றூரில் 1949 முதல் குடியேறி, அதே தொழிலைத் தொடர்ந்தார்கள். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ பேஸ் கிட்டாரைச் செய்த ஹோஃப்னரும் ஷோன்பாக்கிலிருந்து அங்கே வந்த கம்பெனிதான். அதன் கிட்டார்களுக்கு ஜெர்மனியில் எண்தான் பெயர். லண்டனில் விற்ற செல்மர் கம்பெனி அவற்றுக்கு செனட்டர், பிரெசிடென்ட் என்றெல்லாம் பட்டம் கட்டியது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஊர் கூப்பிடும் பெயர் இன்னொன்று. மணப்பாட்டுக்கு இதெல்லாம் புதிதா?

என் கிட்டாரும் அப்படி ஓர் ஊரிலிருந்து கொழும்புக் கடை ஒன்றுக்கு வந்து, பிறகு இங்கே கரையேறியிருக்கவேண்டும். தூத்துக்குடித் தோணியிலோ, 1964 டிசம்பர் புயலோடு நின்றுபோன தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலிலோ. கொழும்பில் அப்போது கிட்டாருக்கு வேலை இருந்தது; போர்த்துகீசியர் வழிவந்த பைலா தாளத்துக்கு ஆடாத கல்யாண வீடு கிடையாது. (போர்த்துகீசியக் கட்சிக்கு ஆறுதல் பரிசாக இதை எடுத்துக்கொள்ளலாம்.) இங்கே வந்தபின்தான் பாவம், வேலையில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்து, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து, கோயிலுக்குள் கிட்டாரை விடுவதற்குள் இதைப் பரணில் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது.

செதுக்காதது, கையெழுத்தில்லாதது, 1950-களின் மேற்கு ஜெர்மனிப் பிள்ளை. இதுதான் என் அறிக்கை. ஊருக்கு அது போதவில்லை. "ஜெர்மனி சரி, ஜெர்மனில யாரு வீடு?" என்கிறார்கள். ஆனாலும் என் மதிப்பு ஏறிவிட்டது. ஒருவர் ஓடாத சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுவந்தார். இன்னொருவர் தையல் மெஷினைப் பற்றிக் கேட்டார். போன வாரம் அதே அத்தை ஒரு பையனின் போட்டோவை நீட்டினாள். பேத்திக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையாம், வெளியூர்.

"நல்ல குடும்பம்னுதான் சொல்லுதாவ. நீ கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"இவனுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்க முடியாதே அத்தை."

"அப்ப ஓடாவியக் கூட்டிட்டுப் போ. ஒட்டா ஒத்தப் பலகையான்னு அவரு சொல்லிருவாரு."