லயக் கூரையும் லினக்ஸும்: பேட்ச் சமர்ப்பித்தலின் மலையக மூலம் பற்றிய ஆய்வு

1. கருதுகோள்

லினக்ஸ் கர்னலை லினஸ் டொர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கினார் என்பது மேலோட்டமான வரலாறு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டதே அதன் தொடக்கம் என இக்கட்டுரை நிறுவும். 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய ‘சஹானா’ திறமூல மென்பொருளைச் சிலர் இலங்கைத் தொடர்புக்குச் சான்றாகக் காட்டுவர். அது நேரடிச் சான்று. ஆகவே ஆய்வுக்கு உதவாது. எது முந்தியதோ அதுவே மூலம். மூலம் எப்போதும் நம்முடையது. இதைவிட மெல்லிய சான்றுக்கெல்லாம் கருத்தரங்குகளில் பொன்னாடை விழுந்திருக்கிறது.

2. படிநிலை

பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதியவர் அதை டொர்வால்ட்ஸிடம் நேரே நீட்டுவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. அவர் பார்த்துக் கையொப்பமிட்டு மேலே அனுப்புவார். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, கூரைத் தகரம் கேட்பவரும் தோட்டத் தலைவரிடம் சொல்வார். தலைவர் கண்டக்டரிடம், கண்டக்டர் சின்னத்துரையிடம், அவர் பெரியதுரையிடம் (சான்று: பெரட்டுக் களம், வாய்மொழி, மழைநாள்). கர்னலில் ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு வாரம் வாசல் திறந்திருக்கும். தவறினால் அடுத்த பதிப்பு. தகரத்துக்கும் அதே இரண்டு வாரம்தான்: தேர்தலுக்கு முந்தியவை.

3. முன்னுரிமை

எழுத்துப்பிழை: எல்லோருக்கும் புரிவதால் உடனே ஏற்பு.

பாதுகாப்பு ஓட்டை: ஊர் அறியுமுன் இரகசியமாக அடைப்பு.

புதிய வசதி: யாரும் கேட்கவில்லை, ஆகவே எழுதியவர் விடமாட்டார்.

ஒழுக்கு: இது விரிவாக நோக்கத்தக்கது. பழுதின் கடுமைக்கு மென்பொருளாளர் ஒன்று முதல் ஐந்து வரை எண் இடுவர். மலையகமோ பாத்திரத்தால் அளந்தது. கோப்பை வைத்தால் ஐந்தாம் தரம். பால்மா டின் என்றால் நான்கு (காண்க: டின், அடிப்பக்கம், துருவேறிய பதிப்பு). சட்டி மூன்று. வாளி இரண்டு. அதை இரவில் இருமுறை கொட்டினால் முதல் தரத்துக்கு உயருமா என்பதில் ஹட்டன் மரபும் நுவரெலியா மரபும் முரண்படும் (மேலது, மூன்றாம் காம்பரா, இஸ்தோப்புப் பக்கம், மறுப்புக்கு: நான்காம் காம்பரா, அதே சுவர், மறுபுறம், ஈரம் காய்ந்தபின் வாசிக்க). கட்டிலையே நகர்த்தினால் ஐயமின்றி முதல் தரம். அதற்கும் மேலே ஒன்று உண்டு: துரை பங்களாவில் விழும் ஒரு சொட்டு. அதற்கு எண் இல்லை. அன்றே கூரையில் ஆள் ஏறும்.

இச்சான்றுகளில் எதையும் நான் பார்த்ததில்லை. இன்னொருவர் கட்டுரையில் எடுத்தேன். அவரும் அப்படித்தான் எடுத்திருப்பார். ஆய்வு நெறி காக்கப்பட்டது.

4. முடிவு

கருதுகோள் ஓரிடத்தில் உடைகிறது. பராமரிப்பாளர் பேட்சை ஏற்காவிட்டாலும் திறமூல உரிமம் வழிவிடுகிறது: நிரல் முழுவதையும் நகலெடுத்துக்கொண்டு தனியே நடத்தலாம். 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து லிப்ரே ஆபிஸ் அப்படித்தான் பிரிந்தது. லயத்தை யாரும் நகலெடுத்துக்கொண்டு போகமுடியாது. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் பெரும்பாலான லயங்களின் காணி, குடியிருப்போர் பெயரில் இல்லை. ஆகவே அறிஞர் பெருமக்கள் மூலம் தேடுவதைச் சற்றே நிறுத்தி, காணி உறுதியைத் தேட முன்வருவார்களாக.