மண்ணில்லாக் கூடையும் மாடிவீட்டு மக்களும்: வாண்டா வளர்ப்பு குறித்து ஒரு முன்னோட்ட ஆய்வு

வாண்டா டெசலேட்டா என்னும் ஆர்க்கிட் அறிஞர் உலகுக்குப் புதிதன்று. வில்லியம் ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில், 1795இலேயே வேறொரு பேரினப் பெயரில் அதைப் படத்தோடு விவரித்துவிட்டார். இதழ், மகரந்தம், வேர் என்று பின்வந்தோரும் அலசித் தீர்த்தார்கள். ஆனால் இச்செடியைக் கரிக்கூடையில் தொங்கவிட்டிருக்கும் வீட்டுக்குப் பெரியம்மா வந்தால் என்ன நடக்கும் என்பதை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எமது கருதுகோள் இது: வாண்டா பெரும்பாலும் பூச்சியாலோ வெயிலாலோ சாவதில்லை, இரக்கத்தால் சாகிறது.

இந்தியா, இலங்கை, மியான்மர் நாடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் தொற்றுத் தாவரம் இது. இருக்க இடம் கேட்கிறதே தவிர மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஆயினும் ஆய்வுக்களத்தில் மூத்த ஆண்கள் இதைப் பார்த்ததும் "இது புல்லுருவிதானே?" என்றே கேட்கிறார்கள். மறுத்தால் அடுத்த தரவு தானாக வந்து விழுகிறது: "அப்புறம் மண் எங்கே தம்பி?"

இனிப் பெரியம்மா. கூடையின் கீழே முழநீளத்துக்குத் தொங்கும் வேர்களைக் கண்டதும் அவர் முகம் மாறுகிறது. "ஐயோ பாவம், வேரெல்லாம் வெளியே கிடக்குதே!" செடிக்குச் சொந்தக்காரர் காபி போட உள்ளே போகிறார். திரும்பி வருவதற்குள் துளசி மாடத்துச் செம்மண்ணில் இரண்டு கைப்பிடி கூடைக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. காபி போடும் நேரமே இவ்வகைச் செடிகளின் வாழ்வில் மிக ஆபத்தான காலம் என்பது எமது துணிபு.

இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. வாண்டாவின் வேருக்கு மேலே இறந்த செல்களால் ஆன பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழைநீரையும் அதில் கரைந்து வரும் சத்தையும் அந்த உறைதான் வாங்கிக்கொள்கிறது. காய்ந்தால் வேர் வெள்ளி நிறமாகும், நனைந்தால் பச்சையாகும். நனைந்த வேர் சில மணி நேரத்தில் காற்றாடி உலர வேண்டும். மண்ணைப் போட்டு மூடினால் காற்றின்றி அழுகிவிடும். எனவே அடுப்புக்கரி, ஓட்டுத் துண்டு, கொஞ்சம் தேங்காய் மட்டை போதும். வெறுங்கூடையில் கட்டிவைத்தாலும் செடி கோபித்துக்கொள்ளாது.

ஆனால் மண் வேண்டாத இந்தச் செடிக்குத் தண்ணீர் தினமும் வேண்டும். வேறு சில ஆர்க்கிட்களுக்கு இருப்பது போல நீர் சேமிக்கும் தடித்த தண்டு இதற்கில்லை. காலையில் வேர் பச்சையாகும்வரை நனைக்க வேண்டும். கோடையில் மாலையிலும் ஒரு முறை, இருட்டுவதற்குள் காய்ந்துவிடும்படி. நுனிக் குருத்தில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. இங்கும் இரக்கம் குறுக்கிடுகிறது: அரிசி கழுவிய தண்ணீர், புளித்த மோர், டீத்தூள். ரோஜாவுக்கு ஒத்துவந்ததெல்லாம் இதற்கும் ஒத்துவரும் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் அசைக்க முடியாதது. தண்ணீரில் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு எடுத்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காலை வெயில் நல்லது. உச்சிவெயிலுக்குப் பச்சை நிழல்வலை வேண்டும். இலை கரும்பச்சையானால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள். அழகாக இருக்கிறதென்று ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டினால் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பழுப்புக் கட்டம் போட்ட இதழ்களும் ஊதா உதடுமாக, மணக்க மணக்கப் பூத்து வாரக்கணக்கில் நிற்கும் பூவைப் பார்க்க முடியாது.

பூத்துவிட்டாலோ அடுத்த சிக்கல். "ஒரு கிளை ஒடிச்சுக் குடேன், நானும் வைக்கிறேன்." செம்பருத்திக்குப் பொருந்தும் இந்த நாகரிகம் வாண்டாவுக்குப் பொருந்தாது. ஒரே தண்டு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகும். ஒடிக்கக் கிளை இல்லை. தண்டு நீண்டு, மேல்பாதியில் தனி வேர்கள் விட்டபின் வேரோடு வெட்டிக் கொடுக்கலாம். அதுவரை பக்கத்து வீட்டு நட்பு தாங்குமா என்பது தனி ஆய்வுக்குரியது. விதை கேட்பவர்களுக்கும் விடை உண்டு. ஆர்க்கிட் விதை தூசியளவே இருக்கும், உள்ளே சேமித்த உணவும் இல்லை. காட்டில் ஒரு பூஞ்சையின் தயவிருந்தால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்கவைக்கும் முறையை லூயிஸ் நட்சன் 1922இல் வெளியிட்டார். அவரது சோதனைக்குழாயைப் பெரியம்மா பார்த்திருந்தால் அதிலும் கொஞ்சம் செம்மண் போட்டிருப்பார்.

வாங்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. ஆர்க்கிட்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. மரத்திலிருந்து பிய்த்து வந்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். வளர்த்து விற்கும் நர்சரியில் வாங்குங்கள். அங்கே இலவசமாக ஒரு பை மண் கொடுத்தால், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.