கோழிக்கூட்டு வளிநூல்: முதற்சூத்திரமும் உரையும்

மேல்வாய் திறந்து கீழ்வாய் காத்து
வலையொடு நிற்பது கூடெனப் படுமே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், புறக்கடைக் கோழிக்கூட்டில் காற்று புகுந்து வெளியேறும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. நூலாசிரியரும் உரைகாரரும் ஒருவரே ஆகலின் பாடபேதம் இல்லை.

கூடு எனப் பொதுப்படக் கூறினும், ஈண்டுக் கருதியது பஞ்சாரம் அன்று. மூங்கிற் சிம்பால் பின்னிய பஞ்சாரத்துக்கு உடம்பெல்லாம் சன்னல். அதற்கு உரை வேண்டா. கருதியது, பழைய பீரோப் பலகை, மீந்த தகரம், எங்கோ கழற்றிய கீல் ஆகியன கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத் தலைவர்கள் இயற்றும் பெட்டி.

இப்பெட்டி குறித்து இரு கொள்கையினர் உளர். முதலாமவர் அடைப்பு வாதிகள். மரநாய், கீரி, பூனை, பாம்பு, பக்கத்து வீட்டார் கண் ஆகிய ஐந்துக்கும் அஞ்சிக் கண்ட சந்திலெல்லாம் சாக்கைத் திணிப்பவர். இவர்தம் மூல வாக்கியம் பெரும்பாலும் ஒரு பெரியம்மாவுடையது: “மார்கழிப் பனியில கோழி விறைச்சுப் போயிடும்டா, அந்த ஓட்டைய மொதல்ல அடை.”

அஃது ஒவ்வாது. என்னை? கோழியின் உடற்சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். மேலே இறகுப் போர்வை வேறு. சமவெளியின் மார்கழி அதற்கு ஒரு பொருட்டன்று. (ஊட்டிக்காரர்கள் இவ்விடத்தைச் சற்றுப் பொறுத்துக்கொள்க.) அதன் துன்பமெல்லாம் சித்திரையில்தான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. தகரத்தின் கீழ் அடைபட்ட கோழி அலகைப் பிளந்து, தொண்டை துடிக்க, சிறகை உடம்பினின்று விலக்கி நிற்கும். மூச்சு வழியே ஈரத்தை விட்டுத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றே ஈரமாயிருந்தால் அந்த இளைப்பும் வீண்.

ஈரம் எங்கிருந்து வந்தது எனின், விடியலில் தகரத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்க்க. மழையில்லா நாளிலும் கை நனையும். கோழிகள் இரவெல்லாம் விட்ட மூச்சு அது. எச்சத்திலும் முக்கால் பங்கு நீரே. அது விழுந்து நனைந்த உமியில், எச்சத்தின் யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்க அம்மோனியா பிறக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினால் கண்ணுக்கும் மூச்சுக்குழலுக்கும் கேடு. தூசியையும் கிருமியையும் மேலே தள்ளும் நுண்மயிர்கள் முடங்கும். பின்பு சளி, குறுகுறுப்பு, வீங்கிய கண். வீட்டார் இதனைத் திருஷ்டி எனத் துணிந்து சூடம் சுற்றுவர். சூடப் புகையும் அதே கூட்டுக்குள்தான் தங்கும்.

அம்மோனியாவை அளப்பது எங்ஙனம்? வளர்ப்பவர் மூக்கு பழகிப்போனது, பிரமாணம் ஆகாது. விருந்தாளி மூக்கே பிரமாணம். ஊரிலிருந்து வந்த மைத்துனரைக் காலையில் அழைத்துச் சென்று, கோழி அடையும் கம்பின் மட்டத்துக்குத் தலையைக் குனியச் செய்க. “என்ன மாமா, கண்ணு எரியுது” என்பாராயின் ஆய்வு முடிந்தது. காபி கொடுத்து அனுப்பலாம்.

இரண்டாமவர் திறப்பு வாதிகள். நாற்புறமும் வலையே போதும் என்பர். நாமக்கல் பண்ணைகளில் பக்கச்சுவர் இன்றி வலை இருப்பதைச் சான்று காட்டுவர். அங்கே கொட்டகை கிழமேலாக நீண்டிருப்பதையும், சாரல் புகாதபடி கூரை வெளியே நீண்டு இறங்குவதையும் சொல்லார். இவர்தம் கூட்டில் ஐப்பசி மழை நேரே உமியில் இறங்கும். பிறகு மைத்துனரை மீண்டும் அழைக்க வேண்டியதுதான்.

இனி, சித்தாந்தம். மேல்வாய் என்றது கூரையை ஒட்டி, கம்பில் அமர்ந்த கோழியின் தலைக்கு மேலே, எதிரெதிர்ச் சுவர்களில் விடும் இடைவெளியை. சூடும் ஈரமும் ஏறிய காற்று மேலெழுந்து அவ்வழியே போகும். அது போன இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக்காற்று வரும். காத்து என்றது, அக்கீழ்க்காற்று உறங்கும் கோழிமேல் நேரே அடியாதபடி மறைத்தலை. பெரியம்மாவின் மனம் குளிரக் குளிர்நாளில் கீழே சாக்கைத் தொங்கவிடலாம், மேலே கூடாது.

வலையொடு என்றது என்னையெனின், திறந்த வாய் மரநாய்க்கும் வாயே ஆகலின். அறுகோணக் கண்ணுடைய மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும்; வெளியே நிற்பவரை நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுடைய வெல்டு மெஷ் கொள்க.

கூரையடியில் நான்கு விரற்கடை இடைவெளி போதுமோ எனின், அது தலைக்கணக்கைப் பொறுத்தது. நாலு கோழிக்கெனக் கட்டிய கூட்டில், அடை வைத்த குஞ்சுகளும் வளர்ந்து பதினைந்தாக அடைவது உலக வழக்கு. அதனை நெருக்கடிப் படலத்துள் கூறுதும்.