டேப்பட் இயல்

செங்கல்பட்டு வட்டாரத்தில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்போர் இரு சமயத்தார். டேப்பட் சத்தம் கேட்டால் பதறுவோர் ஒரு சாரார். கேட்காவிட்டால் பதறுவோர் மறு சாரார். பொறியியல் பின்னவர் பக்கம் சாய்கிறது. சூட்டில் வால்வு நீளும். நீள டேப்பட்டில் இடைவெளி விடாவிட்டால் முழுதாக மூடாது. மூடாத வால்வு சூட்டை சீட்டில் இறக்க வழியின்றிக் கருகும். ஆகவே லூஸான டேப்பட் கத்தும், டைட்டான டேப்பட் சத்தமின்றிச் செலவு வைக்கும். இங்கு உறவினர் எவரும் குறிக்கப்படவில்லை.

காலம்: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்பது விதி. எனவே ஞாயிறு விடியல் உத்தமம். மாமல்லபுரம் வரை இட்லிக்காக ஈசிஆரில் போய்வந்தவருக்கு அன்று முகூர்த்தம் தவறியது.

செய்முறை: பிளக்கைக் கழற்றி, சிலிண்டரின் வலப்பக்க மூடியைத் திறந்து, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவருக. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் உச்சி இரண்டு. கம்ப்ரஷன் முடிவில் வருவது மெய்யுச்சி. எக்ஸாஸ்ட் முடிவில் வருவது பொய்யுச்சி, அங்கே வால்வுகள் சற்றே திறந்திருக்கும். பொய்யுச்சியில் நின்று டேப்பட் வைத்தவர், வண்டியைத் தள்ளிக்கொண்டு செல்லும் துறவறத்தை மேற்கொள்வார்.

அளவு: புஷ்ராடு விரலுக்குத் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடலாகாது. எவர் விரலுக்கு என்பதில்தான் உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். ஒருவழியாக அளவு அமைந்ததும் லாக் நட்டை இறுக்க, அமைந்தது மாறும். இதற்கு மூன்று ஸ்பேனர் வேண்டும். மனிதனுக்குக் கை இரண்டு. மச்சான் என்ற உறவுக்கு இயந்திரவியல் அடிப்படை இதுவே. கடலோரத்தாருக்கு உப்புக்காற்றில் துருப்பிடித்த நட்டு தனி அத்தியாயம். அதில் பெரும்பகுதி அச்சேறத் தக்கதன்று.

எதையும் தொடாதே என்னும் மூன்றாம் சமயமும் உண்டு. சரிவில் நூற்றாண்டுகளாக நிற்கும் மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையை அவர்கள் ஆதாரம் காட்டுவர். அந்தப் பாறைக்கு எக்ஸாஸ்ட் வால்வு இல்லை என்பது நம் மறுப்பு.

1956 முதல் திருவொற்றியூரில் புல்லட் செய்த நிறுவனம், 2009இல் கொண்டுவந்த கிளாசிக்கில் ஹைட்ராலிக் டேப்பட்டை வைத்தது. ஆயிலின் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். 2013இல் ஒரகடத்திலும் ஆலை திறந்தார்கள். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வழியே செங்கல்பட்டுக்கு வந்த வண்டிகளிலும் சொந்தக்காரர்களுக்கு இதில் வேலையில்லை. அவர்களுள் சிலர் இன்றும் ஞாயிறு காலை எஞ்சினருகே காதை வைக்கிறார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறார்கள்.