ரோமாபுரி ஸ்பெஷல்: கேள்வி – பதில்

அமெரிக்காவில் இருக்கும் என் பேரன், கோடை விடுமுறையில் மூன்று வாரம் விடுதியில் தங்கி பண்டைய ரோமைப் படிக்கப் போகிறானாம். இதற்கெல்லாமா முகாம்?
*— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை*

வர்ஜீனியா மாநிலமாக இருக்க வேண்டும். அங்கே 'கவர்னர் லத்தீன் அகாடமி' என்று ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, கல்லூரி விடுதியில் தங்கவைத்து, லத்தீனும் ரோமானிய வாழ்க்கையும் சொல்லித்தருவார்கள். ஆஷ்லண்ட் ஊரின் ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியில் பல ஆண்டுகள் நடந்தது. கவர்னர் பெயரால் நல்ல காரியமும் நடக்கும் என்பதற்கு உலகில் ஒரு சான்றாவது இருக்கட்டுமே!

செத்துப்போன மொழிக்கு எதற்கு சார் முகாம்?
*— கல்லூரி மாணவர், ஈரோடு*

வாட்டிகனில் ஏ.டி.எம். இயந்திரம் லத்தீனில் வழிகாட்டும். செத்தவன் பணம் எடுத்துக் கொடுத்து எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

ரோமானியர்களின் மேலாடையான டோகா கட்டிக்கொள்வது கஷ்டமா?
*— வாசகர், சேலம்*

கம்பளித் துணி, அரைவட்ட வெட்டு, ஐந்தாறு மீட்டர் நீளம். சரியாமல் பிடித்துக்கொள்ள இடது கையை நேர்ந்துவிட வேண்டும். ரோமானியர்களே சலித்துப்போய் அவிழ்த்துப் போட்டார்கள். ஃபோரம் என்ற பொதுச் சதுக்கத்துக்கு வருகிறவர்கள் டோகாவில்தான் வரவேண்டும் என்று அகஸ்டஸ் உத்தரவு போட வேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டமில்லை. கட்டில் விரிப்பை உருவி மேலே சுற்றிக்கொள்கிறார்கள். அம்மாக்களே, விரிப்புகளை எண்ணி அனுப்புங்கள்.

பெண்களும் டோகா கட்டலாமா?
*— பத்தாம் வகுப்பு மாணவி, மதுரை*

முகாமில் தாராளமாக. ரோமில் குடும்பத்துப் பெண்ணுக்கு ஸ்டோலா என்ற நீள அங்கி. டோகா கட்டிய பெண்ணை விலைமகள் என்பார்கள். பெண்ணுக்கு ஓட்டு கிடையாது. தனிப்பெயர் வைக்கவும் சோம்பல். சீசரின் அத்தை ஜூலியா, சகோதரிகள் இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியா. வாசலில் நின்று "ஜூலியா, கதவைத் திற" என்றால் மூன்று தலைமுறை எழுந்து வந்திருக்கும்.

முகாமில் ரோமானிய விருந்து என்றால் பீட்சா போடுவார்களா?
*— சாப்பாட்டுப் பிரியர், கும்பகோணம்*

தக்காளியை எந்த சீசரும் கண்ணால் கண்டதில்லை. உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் எல்லாம் கொலம்பஸுக்குப் பிறகு வந்தவை. ரோமானியன் சமையலில் சகலத்துக்கும் கேரம்தான்: மீனையும் குடலையும் உப்பில் ஊறவைத்து, வெயிலில் நொதிக்கவிட்டு இறக்கிய சாறு. உங்கள் வீட்டுக் கருவாட்டுக்கு மூக்கைப் பொத்தும் பக்கத்து வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், சக்கரவர்த்தி வீட்டு அடுக்களை இதைவிட மோசம்!

எல்லாம் சரி, ரோமுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
*— வியாபாரி, கரூர்*

கரூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீரே! உங்கள் ஊர் மண்ணிலேயே ரோமக் காசு கிடைத்திருக்கிறது. மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியில் மிளகு ஏற்றினார்கள். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடு அகப்பட்டது. கி.பி. 408-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், தங்கம் வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டான். ஜலதோஷம் போலிருக்கிறது.

கட்டைவிரலைக் கவிழ்த்தால் கிளாடியேட்டர் காலிதானே?
*— சினிமா ரசிகர், கோடம்பாக்கம்*

நீங்கள் சொல்வது 1872-இல் ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படம். விரல் மேலா, கீழா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கிளாடியேட்டர் என்பவன் காசைக் கொட்டி வளர்த்த சரக்கு. சண்டைக்கு ஒருவன் செத்தால் முதலாளி திவால். அதனால் வைத்தியரும் உண்டு. மருத்துவ மாமேதை கேலனே பெர்கமோன் நகரில் அந்த வேலை பார்த்தவர்தான். பார்லி தின்று வளர்ந்த உடம்புகள் அவை. சிக்ஸ் பேக் எல்லாம் 'கிளாடியேட்டர்' படத்து ரஸ்ஸல் குரோ கொண்டுவந்தது.

ரோமில் அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீரர் யார்?
*— கிரிக்கெட் வெறியர், சேப்பாக்கம்*

தேரோட்டி டியோக்ளீஸ். 4,257 பந்தயம், 1,462 வெற்றி, மூன்றரைக் கோடி செஸ்டர்ஸுக்கும் மேல் பரிசு. நாற்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். யாரையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை.

ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தது நிஜமா?
*— இசைப் பிரியர், திருவையாறு*

பிடிலே அப்போது பிறக்கவில்லை. கி.பி. 64-இல் தீப் பிடித்தபோது நீரோ ஆன்ட்டியம் ஊரில் இருந்தார். ஓடிவந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். அப்புறம், எரிந்த இடத்திலேயே தனக்கொரு தங்க மாளிகை எழுப்பிக்கொண்டார். வாசித்தது பொய், வளைத்தது மெய்.

முகாம்கள் ஏன் ஜூலையில் நடக்கின்றன?
*— வாசகி, நாகர்கோவில்*

பள்ளி லீவு, அவ்வளவுதான். ஆனால் அந்த மாதமே ஜூலியஸ் சீசர் பெயரில் இருப்பது பொருத்தம். குழம்பிக் கிடந்த காலண்டரை ஒழுங்கு செய்ய, கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாளுக்கு நீட்டினார் மனிதர். அடுத்த இரண்டாவது வருஷமே குத்திக் கொன்றுவிட்டார்கள். காரணம் அரசியல் என்கிறது சரித்திரம். மாதச் சம்பளக்காரர்கள் மீது எனக்குச் சந்தேகம்.

ரோமானிய எண்களில் பரீட்சை வைப்பார்களா?
*— ஆறாம் வகுப்பு, விருதுநகர்*

வைத்தால் உனக்கு நல்லது. அந்த முறையில் பூஜ்யமே கிடையாது.

ரோமானியர்களின் நிர்வாகத் திறமையை நம்மவர்கள் கற்க வேண்டாமா?
*— குடிநீர் வரி கட்டுபவர், சென்னை*

கி.பி. 97-இல் ஃப்ரான்டினஸ் என்பவர் ரோமின் குடிநீர்த் துறைத் தலைவரானார். ஒன்பது கால்வாய்களில் தண்ணீர் வருகிறது. வரும் வழியில் காணாமல் போகிறது. துருவிப் பார்த்தால், துறை ஊழியர்களே குழாயில் ஓட்டை போட்டு விற்றிருக்கிறார்கள். நம்மவர்கள் அதை எப்போதோ கற்றுவிட்டார்கள் ஐயா!

அந்தக் காலத்திலும் சுவர் விளம்பரம் உண்டாமே?
*— கட்சித் தொண்டர், தேனி*

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயில் தேர்தல் வாசகங்கள் மட்டும் 2,500-க்கு மேல். வாட்டியா என்ற வேட்பாளருக்குக் குடிகாரர்களும் தூங்குமூஞ்சிகளும் சில்லறைத் திருடர்களும் ஆதரவு தருவதாகவும் எழுதியிருக்கிறது. எதிரணியின் விஷமம் என்பது பொதுவான கணிப்பு. அவர்களே எழுதியிருந்தால், உலக வரலாற்றின் நேர்மையான கூட்டணி அது.

முகாமில் போட்டி ஏதும் உண்டா?
*— குவிஸ் மாஸ்டர், திருச்சி*

லத்தீன் பிள்ளைகளின் பிரியமான போட்டி 'செர்டாமென்', பஸ்ஸர் வினாடி வினா. 1936-இல் தொடங்கிய அமெரிக்காவின் தேசிய ஜூனியர் கிளாசிக்கல் லீக் ஆண்டுதோறும் கோடையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டுகிறது. அங்கே இதுதான் திருவிழா. பாதிக் கேள்வியிலேயே பஸ்ஸரை அமுக்குவார்கள். கன்னேப் போரில் ரோமானியரை நொறுக்கியும் ரோம் மீது பாயாமல் நின்ற கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுக்கு அந்த அவசரம் இருந்திருந்தால், பிள்ளைகள் இன்று கார்த்தேஜ் மொழி படித்துக்கொண்டிருப்பார்கள்.

ரோமின் பெருமையைப் பேசுகிறவர்கள் அடிமைகளைப் பற்றிப் பேசுகிறார்களா?
*— ஆசிரியை, தஞ்சாவூர்*

பேசாத முகாம் பாதி முகாம். டோகாவை மடித்துவிட்டது அடிமை. கேரம் பரிமாறியது அடிமை. பேச்சாளர் சிசரோ சொல்லச் சொல்ல எழுதிய டைரோ அவருடைய அடிமைதான், கி.மு. 53-இல் விடுதலை கிடைத்தது. எஜமானர் செத்த பிறகு அவர் எழுத்துகளைக் கட்டிக்காத்ததும் அதே டைரோ. வேஷம் கட்டும்போது எல்லாப் பிள்ளைகளும் செனட்டர் ஆகிறார்கள். "நான் டைரோ" என்று ஒருத்தி எழுந்தால், முதல் மார்க்கை அவளுக்குப் போடுங்கள்.

மூன்று வாரத்தில் ரோமைப் படித்து முடிக்க முடியுமா?
*— பொறுமையில்லாத அப்பா, கோவை*

ரோம் விழுந்த கதையை மட்டும் வெளியிட்டு முடிக்க வரலாற்றாசிரியர் கிப்பனுக்கு ஆறு தொகுதி, பன்னிரண்டு வருஷம் ஆனது. மூன்று வாரத்தில் டோகா விழாமல் நிற்கக் கற்றாலே உங்கள் மகன் தேறிவிட்டான்.