பத்து-பதினொன்று ஸ்பேனர்: ஒரு திருகாய்வு

ஆய்வுச் சிக்கல்

அம்பத்தூரில் ஒரு வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாலை இந்த ஆய்வு தொடங்கியது. தகரப் பெட்டியிலிருந்த கருவிகளை வெளியே எடுத்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பதற்காகப் பழைய தினசரித் தாளின் மேல் வரிசையாகப் பரப்பினேன். 8-9 ஸ்பேனருக்கும் 12-13 ஸ்பேனருக்கும் நடுவே ஒரு வெற்றிடம். தமிழ்நாட்டில் கருவிகளுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடப்பது ஆண்டுக்கு ஒருநாள்தான். தொலைந்தவை அன்றைக்குத்தான் தொலைகின்றன. அதுவரை அவை ‘இங்கேதான் எங்கேயோ’ இருக்கின்றன.

காணாமல் போனது 10-11. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு என்று அதை வாங்கிப் போனவர் யார் என்பது தெரியும். ஆய்வு நெறி கருதி அவர் இங்கே ‘தகவலாளி 1’ என்று மட்டும் குறிக்கப்படுகிறார். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் 10-11தான். ஆனால் நாசிக்கில் செய்யப்பட்ட என் டபாரியாவின் இடத்தில், புகழ்பெற்ற பெயர் ஒன்றில் ஓர் எழுத்து கூடுதலாகப் பொறிக்கப்பட்ட, கண்ணாடிபோல் பளபளக்கும் வேறொரு பொருள் இருந்தது. “நீங்க குடுத்தது இதுதானே சார்?” என்றார். அது பூஜை நாள். சண்டை போடவில்லை.

பூஜை முடிந்து வண்டியின் பேட்டரி முனையை இறுக்க அதைப் பயன்படுத்தியபோது, நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் வாய் அகன்றது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத கருவி, ஒற்றைக் கையின் அழுத்தத்துக்கே கொட்டாவி விட்டது. ஆக, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். நல்லதாகவும் இருக்க வேண்டும், விலையும் கைக்கடக்கமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு ‘உம்’களுக்கும் இடையே உள்ள பிணக்கே இவ்வாய்வின் பொருளாகும்.

முன்னோர் கருத்து

வள்ளுவரைத் தொடாத ஆய்வேடு நம் பல்கலைக்கழகங்களின் வாசலைத் தாண்டாது. எனவே தொட்டுவிடுகிறேன். வினைசெயல்வகை அதிகாரத்தில், ஒரு வேலையில் இறங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை ஐந்தாக அடுக்குகிறார். அதில் பொருள் முதலாவது, கருவி இரண்டாவது. இந்த வரிசையின் காரணம், கருவிக் கடையின் கல்லாப்பெட்டி முன்னால் ஒருமுறை நின்றவனுக்கு உரையில்லாமலே விளங்கும்.

இலக்கண ஆசிரியர்கள் இதைவிடக் கூர்மையானவர்கள். மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருளை முதற்கருவி, துணைக்கருவி என்று பிரித்துவைத்தார்கள். மண்ணால் குடம் செய்தால் மண் முதற்கருவி. அது குடமாகவே ஆகிவிடுகிறது. சக்கரத்தால் குடம் செய்தால் சக்கரம் துணைக்கருவி; வேலை முடிந்ததும் விலகி நிற்கிறது. ஸ்பேனர் இரண்டாவது வகை என்பதில் எனக்கு நேற்றுவரை ஐயம் இருந்ததில்லை. தகவலாளி 1 கொடுத்த ஸ்பேனரோ நட்டின் முனைகளை மழித்து, அந்தத் தூளைத் தன் வாயில் அப்பிக்கொண்டு, நட்டோடு நட்டாகச் சிக்கி நின்றது. செயப்படுபொருளோடு இப்படி ஐக்கியமாகும் ஒன்றைத் துணைக்கருவி என்று எந்த வாயால் சொல்வது? வேலை முடிந்ததும் விலகி வருவதே நல்ல கருவி. இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கலைச்சொற்கள்

இது தனி ஆய்வேட்டுக்கு உரியது, தொட்டுக்காட்டி நகர்கிறேன். ‘திருப்புளி’ என்று கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். ‘ஸ்டார்’ என்றால் கை தானாக அலமாரிக்குப் போகும். குறடு கட்டிங் பிளேயராகி, எதையும் வெட்டாமல் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும்போதும் கட்டிங் பிளேயராகவே நீடிக்கிறது. ஆலன் கீயை ‘எல்.என். கீ’ என்கிறார்கள், ஏதோ இரண்டு முதலெழுத்துகளோடு வாழ்ந்து மறைந்த பெரியவர் நினைவாக வைத்த பெயரைப்போல. ‘மரை’ மட்டும் தூய தமிழாகப் பிழைத்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் மனிதர்களுக்குக் கழன்றுபோனதைச் சொல்லத்தான்.

அளவைகளில் இன்னும் வேடிக்கை. நாடு மெட்ரிக் முறைக்கு மாறச் சட்டம் செய்தது 1956இல். ஆனால் இன்று வாங்கும் பாக்ஸ் ஸ்பேனரின் ஒரு முனை மில்லிமீட்டரில் நட்டைப் பிடிக்கிறது, மறுமுனையின் சதுரத் துளை இன்ச் கணக்கில் ராட்செட்டைப் பிடிக்கிறது. கால் இன்ச், மூணு நூல், அரை இன்ச். நூல் என்பது அரைக்கால் இன்ச். ஒரே இரும்புத் துண்டில் இரண்டு அளவைகள் முதுகோடு முதுகு ஒட்டிக் குடும்பம் நடத்துகின்றன.

எண்ணியல்

எட்டு ஸ்பேனர் உள்ள செட்டை விரித்தால் 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19 என்று ஒழுங்காகப் போகும். பிறகு 20-22. இடையில் 21 எங்கே? அறிஞர் உலகம் இதுவரை இந்தக் கேள்வியை எழுப்பாதது வருந்தத்தக்கது. 14 மி.மீ. மரை கொண்ட ஸ்பார்க் பிளக்கின் அறுகோணம் பல வண்டிகளில் 21ஐ ஒட்டியே இருக்கும். அதற்கென்றே குழாய்போன்ற பிளக் ஸ்பேனர் தனியாக உண்டு. பிளக்கின் பீங்கான் பக்கம் திறந்த வாய் ஸ்பேனர் போகக்கூடாது என்பதால், 21 சம்சாரம் துறந்து குழாயாகிவிட்டது என்பது என் கருதுகோள். மறுப்பவர்கள் சான்றோடு வரலாம்.

10க்கு வருவோம். 6 மி.மீ. போல்ட்டின் தலை 10. இருசக்கர வண்டியில் பேட்டரி முனை முதல் கவர்கள்வரை இந்தப் போல்ட்தான் நிறைந்திருக்கிறது. அந்த ஸ்பேனரின் மறுமுனையிலுள்ள 11 இடைச்சொல் போன்றது. தனித்து இயங்குவது அபூர்வம்.

ஆனால் 12-13 ஒரே இரும்பில் இரண்டு நாடுகளைச் சுமக்கிறது. 8 மி.மீ. போல்ட்டுக்கு ஐரோப்பிய வழக்கில் தலை 13. ஜப்பானிய வண்டிகளில் அதே போல்ட்டுக்குத் தலை 12. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானில் 14, பழைய ஜெர்மன் தரத்தில் 17, இப்போதைய ஐ.எஸ்.ஓ. தரத்தில் 16. எனவே ஸ்பேனர் வாங்குமுன் வண்டியின் குலம் கோத்திரம் விசாரிப்பது அவசியம். ஜப்பானியப் பூர்வீகம் என்றால் 10, 12, 14, 17 ஆகியவற்றோடு பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட் என்றால் மேற்படி எண்கள் எல்லாம் வீண். அது பிரிட்டிஷ் வம்சம். 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த வழியில் வந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலமே அல்ல, போல்ட்டின் தடிமன்! இந்தக் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் சீர்வரிசையாகத் தனி ஸ்பேனர்களும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. ஸ்பேனரின் வாய் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் சற்றே கோணியிருப்பதைப் பார்த்து, வளைந்த சரக்கு என்று ஒதுக்கியவரை நான் அறிவேன். அந்தக் கோணல் 15 பாகை, வேண்டுமென்றே செய்தது. நட்டுக்கு ஆறு பக்கம், எனவே அடுத்த பிடிக்கு 60 பாகை திருப்ப வேண்டும். ஸ்பேனரை ஒவ்வொரு முறையும் புரட்டிப் போட்டால் அந்தக் கோணல் புண்ணியத்தில் 30 பாகை இடம் இருந்தாலே போதும். சந்து பொந்துகளில் வேலை செய்தவனின் மூளையில் உதித்த விஷயம் இது.

களஆய்வு

பாரிமுனைப் பக்கத்துத் தெரு ஒன்றில், வாளிகளுக்கும் சங்கிலிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரரிடம் 10-11 ஒன்று கேட்டேன். அவர் ஒரு பெட்டியைத் திறந்து வைத்தார்.

“தனியா எதுக்கு சார் வாங்கறீங்க? இது நாப்பத்தாறு பீஸ். பெட்டியோட வருது. ஆயுசுக்கும் போதும்.”

நாற்பத்தாறு பீஸ் பெட்டியைப் பற்றி ஓர் இயல் எழுதலாம். அதில் 4 மி.மீ. முதல் 14 மி.மீ. வரை பாக்ஸ்கள் இருக்கின்றன. மீதியில் பெரும்பகுதி குட்டிக் குட்டி பிட்டுகள். அதாவது, எண்ணிக்கையை உயர்த்துவதற்கென்றே பிறந்த உருப்படிகள். கல்யாண மண்டபத்தில் தலை எண்ணும்போது கைக்குழந்தையையும் சேர்ப்பதுபோல. இதன் ராட்செட் கால் இன்ச். உள்ளே இருக்கும் பற்சக்கரம் கைவிரல் நகம் அளவு. மிக்ஸி, மேசை விசிறி ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். வண்டியின் பின்சக்கர நட்டில் அதை வைத்து ஏறி நின்றால் ஒரு ‘டக்’ கேட்கும். அதன்பின் ராட்செட் இரண்டு பக்கமும் சுதந்திரமாகச் சுற்றும். குற்றம் பெட்டியுடையது அல்ல, அதைத் தவறான வேலைக்கு அழைத்தவனுடையது.

பெட்டியை மூடிவிட்டுத் தனி ஸ்பேனரையே கேட்டேன். பரிசோதனைக் கூடம் என் சட்டைப்பையில் இருந்தது: 10 மி.மீ. தலையுள்ள ஒரு புதுப் போல்ட். ஸ்பேனர் வாயில் அதை நுழைத்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவே கூடாது என்பதில்லை, ஊசலாடக் கூடாது. வாயின் இரண்டு தாடைகளும் இணையாக இருக்கின்றனவா, ஒருபக்கம் விரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டிங் பிளேயரிலும் இதுவே வழி: மூடிப் பிடித்தால் வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசியக் கூடாது, நடு ஆணி ஆடக் கூடாது.

“நகைக்கடையில கூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க சார்” என்றார் கடைக்காரர்.

“இதுல குரோம் வனேடியம்னு போட்டிருக்கே, நம்பலாமா அண்ணே?”

அவர் பதில் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை இவ்வாய்வின் முதன்மைத் தரவாகக் கொள்கிறேன். குரோமும் வனேடியமும் கலந்த எஃகு நல்ல எஃகுதான், முறையாகப் பதப்படுத்தியிருந்தால். ஆனால் முத்திரை குத்துவதற்கு வனேடியம் தேவையில்லை, ஓர் அச்சு போதும். பளபளப்பும் அப்படித்தான், அது மேற்பூச்சு. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை, மட்ட இரும்பும் அதில் ஒட்டும். உறுதியான சோதனை அரம்தான். நன்றாகப் பதமேறிய முனையில் அரம் வழுக்கும். பச்சை இரும்பில் கடிக்கும். எந்தக் கடையிலும் இதற்கு அனுமதி இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜலந்தரிலும் நாசிக்கிலும் செய்யப்படும் இந்தியக் கருவிகளில் வெளிநாட்டுச் சரக்குக்குச் சளைக்காதவை பல உண்டு. இந்தத் திறந்த வாய் ஸ்பேனருக்கென்றே ஐ.எஸ். 2028 என்று ஓர் இந்தியத் தரம் இருக்கிறது. நல்ல 10-11 ஒன்றின் விலை, இரண்டு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டு காபி குடிக்கும் காசு. தகவலாளி 1 கொடுத்ததன் விலை அதில் ஒரு காபிகூட இருக்காது. ஆனால் அது மழித்த நட்டையும் போல்ட்டையும் மாற்ற நான் கொடுத்த காசு, மெக்கானிக் கூலியையும் சேர்த்தால், மூன்று நல்ல ஸ்பேனர் வாங்கியிருக்கும்.

தேய்மானச் சான்று

எங்கள் தெரு மெக்கானிக்கின் கருவிகள் ஒரு கோணிப்பைக்குள் வாழ்கின்றன. அனுமதி பெற்று அவற்றைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். 10-11, 12-13, 14-15 மூன்றும் கைபட்டு வெள்ளிக்கொலுசுபோல் வழவழத்தன. 18-19 கிட்டத்தட்ட வாங்கிய நாளின் நிறத்திலேயே இருந்தது. 6-7 இருந்த தடயமே இல்லை. “செட்டாத்தான் வாங்கினேன் சார், அப்போ தெரியல” என்றார். அவர் சுத்தியலைப் பார்த்தேன்: தலை எந்தக் காலத்துச் சரக்கோ, கைப்பிடி கருவேலங் கட்டை. அதில் ஒரு குறையும் இல்லை.

ஆக, போல்ட்டின் முனையைத் தொடும் கருவியில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது; ஸ்பேனர், பாக்ஸ், எல்.என். கீ, ஸ்டார் ஆகியவை இந்த வகை. பழைய துருவேறிய நட்டுக்கு ரிங் ஸ்பேனர் வாங்குவதானால், பன்னிரண்டு மூலையுள்ளதைவிட ஆறு மூலையுள்ளது நல்லது, கிடைத்தால். தொடாத கருவிகளான சுத்தியல், எண்ணெய்க் குப்பி, பெட்டி ஆகியவற்றில் கஞ்சத்தனம் காட்டலாம். ஸ்க்ரூ ஸ்பேனர் எல்லா நட்டுக்கும் பொருந்தும், எந்த நட்டுக்கும் சரியாகப் பொருந்தாது, அவசரத்துக்கு மட்டும்.

ஸ்டாரைப் பற்றி ஓர் அடிக்குறிப்பை மேலேயே சொல்லிவிடுகிறேன். 1930களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் பரப்பிய குறுக்குவெட்டு ஒன்று. ஜப்பானியத் தரத்தின் குறுக்குவெட்டு வேறொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதன் திருப்புளியை இரண்டாவதில் வைத்துத் திருகினால் அது ஏறி வழுக்கிவிடும். கைப்பிடியிலுள்ள பிரேக் ஆயில் மூடியின் இரண்டு ஸ்க்ரூக்களும் ஊரெங்கும் குழிந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முனை முழுதாக உட்கார்கிறதா என்று பார்த்து, மேலிருந்து நன்றாக அழுத்தி, பிறகு திருகுங்கள்.

நன்றியுரையும் ஒரு வேண்டுகோளும்

செட்டு வாங்கவில்லை. ஒரே ஒரு 10-11 வாங்கினேன். அடுத்தது எது என்பதை அடுத்து மாட்டிக்கொள்ளும் நட்டு சொல்லும். கோணிப்பையைக் கொட்ட அனுமதித்த மெக்கானிக்குக்கும், சிரித்த கடைக்காரருக்கும் நன்றி.

தகவலாளி 1 அவர்களுக்கு: என் பழைய 10-11 உங்கள் வீட்டில்தான் இருக்கிறது, பெரும்பாலும் இன்வெர்ட்டருக்குப் பின்னால். 11 என்று போட்டிருக்கும் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன், பார்த்தவுடன் தெரியும். விளக்கம் எதுவும் வேண்டாம். வீடு பூட்டியிருந்தால் செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாய் விரிந்த உங்கள் ஸ்பேனரும் அங்கேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.