வனவாசமும் விசாவும்

கேள்வி: வனவாசம் போன ராமனுக்கும் கடல் கடந்த காரைக்கால்காரருக்கும் என்ன ஒற்றுமை?

பதில்: ராமனுக்கு 14 ஆண்டு, திரும்பும் நாள் நிச்சயம். 19-ஆம் நூற்றாண்டில் காரைக்காலில் கப்பலேறி, பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலிகளுக்கு ஒப்பந்தம் 5 ஆண்டுதான். ஆனால் பலர் திரும்பவே இல்லை. பாதுகையை வாங்கி வைத்துக் காத்திருக்க ஊரில் பரதனும் இல்லையே! குவாதலூப்பில் அவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள்.

காரைக்காலுக்கு இன்னும் பொருத்தமானவர் பெரியபுராணத்துப் பரமதத்தன், காரைக்கால் அம்மையாரின் கணவர். மனைவி வேண்டியதும் கையில் மாங்கனி வந்த அதிசயத்தில் மிரண்டு, வாணிபம் என்று சொல்லிக் கப்பலேறியவர், பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பிறந்த மகளுக்கு விட்டுவந்த மனைவியின் பெயரையே வைத்தார்: புனிதவதி. பாரிஸில் பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்பவர்களுக்கு அவரே முன்னோடி.

1962-இல் காரைக்காலை இந்தியாவோடு சேர்த்த இணைப்பு ஒப்பந்தம் அமலானபோது, ஊர்க்காரர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க எழுதிக்கொடுக்க 6 மாத அவகாசம் கிடைத்தது. கைகேயி ஒரு நாள்கூடத் தரவில்லை!

அம்மையாரின் மாங்கனி அதிசயத்தை நினைத்து, ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் மாடிகளிலிருந்து மாம்பழம் பறந்து வரும். தெருவில் முந்தானை விரித்துப் பிடிப்பார்கள். அந்தப் பழத்துக்கு எந்த பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டாம்.